கணவர் எழுதிக்கொடுத்தது

‘கணவர் எழுதிக்கொடுத்தது.’ இந்த இரண்டு சொற்களைச் சொன்னவரிடம் யாரும் ஆதாரம் கேட்டு நான் பார்த்ததில்லை. சொன்னவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஆதாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியவள், எழுதியவள்.

முப்பது ஆண்டுகளாக இந்த இரண்டு சொற்களைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்க ராக் குழுவான ‘ஹோல்’ 1994 ஏப்ரல் 12 அன்று வெளியிட்ட ‘லிவ் த்ரூ திஸ்’. இதைத் தாண்டி உயிரோடு இரு என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். 12 பாடல்கள், மொத்தம் 40 நிமிடத்துக்கும் குறைவு. பாடியவரும் ரிதம் கிட்டார் வாசித்தவரும் கோர்ட்னி லவ். லீட் கிட்டார் எரிக் எர்லாண்ட்சன், பேஸ் கிட்டார் கிறிஸ்டன் பஃப், டிரம்ஸ் பாட்டி ஷெமெல். நால்வரில் மூவர் பெண்கள். அந்த ஆண்டின் இறுதியில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் அமெரிக்க இசை விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இதற்கே முதலிடம். பின்னர் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் கிடைத்தது. வாசகிகளில் பலர் ராக் இசை கேட்பவர்களாக இருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. கிட்டார் சத்தம் பிடிக்காதவளுக்கும் இந்தக் கதையில் தெரிந்த முகங்கள் நிறைய உண்டு.

கோர்ட்னியின் கணவர் கர்ட் கோபேன். ‘நிர்வாணா’ குழுவின் பாடகர்; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தலைமுறையின் குரல் என்று கொண்டாடப்பட்டவர். 1994 ஏப்ரல் 5 அன்று தற்கொலை செய்துகொண்டார். உடல் கிடைத்தது ஏப்ரல் 8. நான்கே நாளில் மனைவியின் ஆல்பம் கடைக்கு வந்தது. இந்த நாட்காட்டிதான் வதந்திக்கு வயல். பாடல்களை உண்மையில் எழுதியவர் கர்ட் என்றார்கள். இவ்வளவு நல்ல மெட்டு அவளுக்கு எப்படி வரும் என்றார்கள். முந்தைய ஆல்பம் வெறும் கூச்சல், இதில் மட்டும் எப்படிப் பாட்டு வந்தது என்றார்கள். சொன்னவர்களில் தீவிர ரசிகர்கள் இருந்தார்கள். பாட்டின் பல்லவி எது சரணம் எது என்று பிரிக்கத் தெரிந்தவர்கள்தான்.

ஆதாரம் காட்டும் வேலையில் எனக்கு விருப்பமில்லை. காட்டினால், குற்றம் சாட்டியவனின் நீதிமன்றத்தை நானும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆனாலும் மாணவிகள் படிக்கும் புத்தகம் இது. கேட்கும்போது சொல்வதற்குக் கையில் சில தகவல்கள் இருக்கட்டும்.

1989இல் லாஸ் ஏஞ்சலஸில் கோர்ட்னி உள்ளூர் இதழில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து எரிக் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து தொடங்கிய குழு ஹோல். முதல் ஆல்பம் ‘பிரிட்டி ஆன் தி இன்சைட்’ 1991இல் வந்தது. அதே 1991 நவம்பரில் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகக் குழு பாடிப் பதிவு செய்த பாடல்களில் ‘வயலட்’, ‘டால் பார்ட்ஸ்’ இரண்டும் இருந்தன. லிவ் த்ரூ திஸ் ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடல்கள் இவைதாம். கோர்ட்னிக்கும் கர்ட்டுக்கும் திருமணம் நடந்தது 1992 பிப்ரவரியில். ஆல்பம் பதிவானது 1993 அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா என்ற ஊரில். தயாரித்தவர்கள் பால் கோல்டரி, ஷான் ஸ்லேட் இருவரும். கர்ட் அங்கே வந்தார், இரண்டு பாடல்களில் பின்குரல் கொடுத்தார். பாட்டையே கேட்டதில்லை, எப்படிப் பாடுவது என்று அன்று அவர் தயங்கியதைத் தயாரிப்பாளர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எழுதியவருக்கே தன் பாட்டு தெரியாமல் போன அதிசயம் உலகில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. மற்றவர் எழுதியதை ஹோல் தன் ஆல்பத்தில் பாடியபோது அவர் பெயர் அச்சான இடங்கள் உண்டு. இதே ஆல்பத்தில் ‘கிரெடிட் இன் தி ஸ்ட்ரெயிட் வேர்ல்ட்’ வேல்ஸ் நாட்டு ‘யங் மார்பிள் ஜயண்ட்ஸ்’ குழுவின் பாட்டு. ஸ்டூவர்ட் மாக்ஸம் எழுதியது. அவர் பெயர் இருக்கிறது. ‘ஐ திங்க் தட் ஐ வுட் டை’ பாட்டில் தோழி கேட் பியெலண்டின் பங்கு உண்டு. அவர் பெயரும் இருக்கிறது. 1998இல் வந்த ‘செலிப்ரிட்டி ஸ்கின்’ ஆல்பத்தில் ஐந்து பாடல்களுக்குப் பில்லி கோர்கன் கைகொடுத்தார். ஐந்திலும் அவர் பெயர் உண்டு. (அதன் பிறகு, முழு ஆல்பமும் கோர்கனுடையது என்றார்கள். பெயர் போடாவிட்டால் மறைக்கிறாள், போட்டால் பார்த்தாயா என்கிற கதை.)

இவ்வளவும் தெரிந்த பிறகும் வதந்தி சாகவில்லை. சாகாது. அது தகவல் இல்லாததால் பிறந்ததல்ல. தகவலால் அதைக் கொல்லவும் முடியாது.

வதந்தியின் உண்மையான முகம் தெரிய வேண்டுமானால் அதை அப்படியே கண்ணாடியில் திருப்பிப் பார்க்க வேண்டும். நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’ 1993 செப்டம்பரில் வெளிவந்தது. ஹோல் மரியெட்டாவுக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு. கருப்பைக்குள் என்று பொருள்படும் அந்தத் தலைப்பைக் கர்ட் எடுத்தது கோர்ட்னி எழுதிய ஒரு கவிதையிலிருந்து. அந்த ஆல்பம் நெடுகக் கருவும் பிறப்பும் தொப்புள்கொடியும் உடலின் உள்ளுறுப்புகளும். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரு கைக்குழந்தையை வளர்த்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு ஆல்பங்களை முடித்தார்கள். இன் யூட்டரோவைக் கோர்ட்னி எழுதினாரா என்று யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். அங்கே அவள் தூண்டுதல், உந்துதல், கவிதைக்குரிய பொருள். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தாக்கம். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது திருட்டு.

நிர்வாணாவை உலகப் புகழுக்குக் கொண்டுபோன ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிகினி கில்’ குழுவின் கேத்லீன் ஹன்னா ஒரு நாள் இரவு கர்ட்டின் அறைச் சுவரில் கிறுக்கிய ஒரு கேலி வாக்கியத்திலிருந்து வந்தது அது. டீன் ஸ்பிரிட் என்பது இளம்பெண்களுக்கென்று விற்ற டியோடரண்டின் பெயர். கர்ட்டுக்கு அது தெரியவில்லை, புரட்சி முழக்கம் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பாட்டின் அமைப்பு, மெதுவாகத் தொடங்கித் திடீரென்று வெடித்து மறுபடி அடங்குவது, ‘பிக்ஸிஸ்’ குழுவைப் பார்த்துச் செய்தது என்று கர்ட்டே 1994 ஜனவரியில் ‘ரோலிங் ஸ்டோன்’ பேட்டியில் ஒப்புக்கொண்டார். தலைப்பு ஹன்னாவின் சுவரிலிருந்து, அமைப்பு பிக்ஸிஸிலிருந்து. ஆனாலும் பாட்டு கர்ட்டுடையது. சரிதான், அது அவருடையதுதான். கலை அப்படித்தான் உண்டாகிறது, எடுத்தும் கொடுத்தும். அதே அடங்கல், அதே வெடிப்பு கோர்ட்னியின் பாட்டில் கேட்டவுடன் மட்டும், ஆ, இது நிர்வாணா, இதை அவன்தான் எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். கர்ட் கடன் வாங்கினால் மரபு. கோர்ட்னி கடன் வாங்கினால் கையும் களவுமாகப் பிடிபட்டவள்.

இதில் எனக்கு விசித்திரமாகத் தோன்றும் இன்னொரு இடம் எரிக் எர்லாண்ட்சன். முதல் நாளிலிருந்து கோர்ட்னியோடு உட்கார்ந்து பாடல்களை அமைத்தவர் அவர். பெரும்பாலான பாடல்களின் உரிமையில் அவர் பெயர் இருக்கிறது. ஒரு பெண் தனியாக இசையமைத்திருக்க முடியாது, ஓர் ஆண் உதவியிருக்க வேண்டும் என்பதுதான் சந்தேகம் என்றால், உதவிய ஆண் மேடையிலேயே கிட்டாரோடு நிற்கிறார், அவரைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கலாமே. யாரும் கைகாட்டவில்லை. அவர் உடன் உழைத்தவர், அவ்வளவுதான். வதந்திக்கு வேண்டியவன் உடன் உழைத்த ஆண் இல்லை. அவளுக்கு உரியவனாகக் கருதப்படுகிற ஆண். அவளுடைய உடம்பு, வீடு, பிள்ளை எல்லாம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, பாட்டும் அவன் பெயரிலேயே பதிவாக வேண்டும். பட்டா மாறுதல் மாதிரி.

அமெரிக்காவில் இந்தப் பட்டா வேலை ராக் இசையோடு தொடங்கியதல்ல. ஃபிலிஸ் வீட்லி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏழு வயதளவில் கடத்திக் கொண்டுவரப்பட்டு, பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட சிறுமி. இருபது வயதை ஒட்டி அவருடைய கவிதைத் தொகுப்பு 1773இல் லண்டனில் அச்சானது. அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களில் ஒரு சான்றறிக்கை இருக்கிறது. இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று நாங்கள் நம்புகிறோம் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆளுநர் இருக்கிறார், பாதிரியார்கள் இருக்கிறார்கள், அவரை விலைக்கு வாங்கிய எஜமானரும் இருக்கிறார். அடிமையாக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணுக்கு நேர்ந்ததையும் பணமும் புகழும் உள்ள வெள்ளைப் பெண்ணுக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. எடை வேறு. ஆனால் தராசு ஒன்றுதான். எழுதியவள் தானே நான்தான் எழுதினேன் என்று சொன்னால் அது சாட்சியம் ஆகாது. பக்கத்தில் ஆண்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

1983இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோன்னா ரஸ், பெண்களின் எழுத்தை ஒடுக்குவது எப்படி என்று ஒரு கையேடு போலவே கிண்டலாக ஒரு புத்தகம் எழுதினார். அவள் எழுதவே இல்லை என்று மறுப்பது அவர் பிரித்துக் காட்டும் உத்திகளில் ஒன்று. நம் வீட்டிலும் அது புதிதில்லை. ஆண்டாள் என்றொருத்தி இருந்ததே இல்லை, பெரியாழ்வாரே மகள் பெயரில் பாடினார் என்று சொன்னவர்கள் தமிழிலும் உண்டு. அங்கே கணவன், இங்கே தகப்பன். முனைவர் பட்டம் வாங்கிய எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், நெறியாளர்தானே எழுதிக்கொடுத்தார் என்ற சிரிப்பைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டாள். என் முதல் கவிதைத் தொகுப்பின் வெளியீட்டுக் கூட்டத்தில் வாழ்த்த வந்த ஒரு பெரியவர், மேடையிலிருந்தபடியே முன்வரிசையில் என் கணவரைத் தேடிப் பிடித்து, ‘இதுல சார் கைவண்ணம் எவ்வளவு?’ என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. என் கணவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். கவிதை என்றால் காத தூரம் ஓடுகிறவர். போன ஆண்டு ஒரு மாணவி ஆண்டுமலருக்குக் கவிதை கொடுத்தாள். அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, யாரை நினைத்து எழுதினாய் என்பது. இரண்டாவது, அவனே எழுதிக்கொடுத்தானா என்பது. அவள் கவிதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் மறுபடி கொடுக்கவில்லை.

ஹோல் ஆல்பத்துக்காகப் பரிந்து பேசும் பெண்களில் சிலர் ஒரு வாதம் வைக்கிறார்கள். இந்தப் பாடல்கள் தாய்ப்பாலையும் பிரசவத்துக்குப் பிந்தைய உடலையும் பேசுகின்றன, ஆகவே இதைப் பெண்தான் எழுதியிருக்க முடியும் என்று. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். எனக்கு உடன்பாடில்லை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவி கூற்றாக வரும் பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பாடியவர்கள் ஆண் புலவர்கள். மற்றவர் உடம்புக்குள் நுழைந்து பேச ஆணாலும் முடியும், பெண்ணாலும் முடியும். அதைத்தான் கற்பனை என்கிறோம். பெண் உடம்பைப் பற்றி எழுதினால்தான் அது பெண் எழுதியது என்று நாமே ஒப்புக்கொண்டால், நாளை அவள் போரைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ எழுதும்போது மறுபடி அதே கேள்வி வரும். கோர்ட்னி இவற்றை எழுதினார் என்பதற்கு அவருடைய மார்பகங்கள் சாட்சி வேண்டாம். வேலைப்பாடு போதும்.

அந்த வேலைப்பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். ‘டால் பார்ட்ஸ்’ ஒரு பொம்மையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிற பாட்டு. தமிழ் படித்தவளுக்கு உடனே கேசாதிபாதம் நினைவுக்கு வரும். தலைமுடியிலிருந்து பாதம் வரை பெண்ணை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் நம் பழைய வடிவத்தில், பார்ப்பவன் பாடுவான், பார்க்கப்படுகிறவள் சும்மா நிற்பாள். இங்கே பொம்மையே தன் உறுப்புகளைக் கணக்கெடுக்கிறது. மெட்டில் சில கார்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கிறது. கடைசியில் ஒரே வரி சுற்றிச் சுற்றி வரும்போது அது சாபமாக மாறியிருக்கிறது. இசை கூடுவதால் மட்டும் நடப்பதல்ல அது. ஒரே சொற்களை அந்தக் குரல் முதல்முறை மன்றாட்டாகவும் பத்தாவது முறை மிரட்டலாகவும் சொல்கிறது. இந்த இடத்தை எழுதிக்கொடுக்க முடியாது. தாளில் அது வெறும் ஒரு வரி.

‘ஆஸ்கிங் ஃபார் இட்’ என்ற பாட்டின் தலைப்பை நமக்கு விளக்க வேண்டாம். நீயாகத்தானே தேடிப் போனாய், அந்த உடுப்பில் போனால் வேறென்ன நடக்கும் என்று காவல் நிலையத்திலும் கல்யாண வீட்டிலும் கேட்கப்படும் கேள்வியின் ஆங்கில வடிவம். 1991இல் கிளாஸ்கோவில் ஒரு நிகழ்ச்சியில் கோர்ட்னி மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தார். ராக் உலகில் ஆண் பாடகர்கள் அன்றாடம் செய்வது. கூட்டம் கைகளில் ஏந்தித் திருப்பி அனுப்பும். அவரைக் கூட்டம் ஏந்தவில்லை. உடையைக் கிழித்தார்கள், உடம்பெல்லாம் கைவைத்தார்கள். அந்த நொடியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் ஒன்றும் நடக்காதது போலத் தான் சிரித்துக்கொண்டிருந்ததைப் பற்றி அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டில்தான் ஆல்பத்தின் தலைப்பு இருக்கிறது. அதில் ஒலிக்கும் பின்குரல் கர்ட்டுடையது. அவர் குரல் அங்கே மெல்லிசாக, பின்னால், துணைக்கு நிற்கிறது. அதன் இடம் அதுதான்.

1992 ஆகஸ்டில் மகள் பிறந்த சமயத்தில் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் வெளியிட்ட கட்டுரை, கோர்ட்னி கர்ப்பகாலத்தில் ஹெராயின் எடுத்ததாக எழுதியது. தெரிந்ததும் நிறுத்திவிட்டேன் என்பது அவர் பதில். குழந்தைகள் நலத்துறை தலையிட்டது, பிறந்த குழந்தையைச் சிறிது காலம் பெற்றோரிடமிருந்து பிரித்து உறவினர் பொறுப்பில் வைத்தார்கள். தகப்பனும் அதே போதைப் பழக்கத்தில்தான் இருந்தார். ஊர் கேட்டதெல்லாம் தாயை. ‘ஐ திங்க் தட் ஐ வுட் டை’ அந்த நாட்களிலிருந்து வந்த பாட்டு. குழந்தை எங்கே என்று அது கேட்கும் இடத்தில் அழுகை இல்லை. பல்லைக் கடித்த ஆத்திரம் இருக்கிறது. தாய்மைப் பாட்டு என்றால் கண்ணீர் வடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது.

வதந்தி ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் அனுதாபம். இதையும் எதிர்த்தாக வேண்டும். கர்ட் இறந்த வாரத்தில் வந்ததால் இதை ஒரு கைம்பெண்ணின் புலம்பலாகக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். தலைப்பிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள் பார் என்று உச்சுக்கொட்டினார்கள். அவர் இறப்பதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு பதிவான பாடல்கள் இவை. அட்டையில் அழகிப் பட்டம் வென்ற பெண்ணாக மாடல் லெய்லானி பிஷப், கையில் பூங்கொத்து, தலையில் கிரீடம், கண்மை கலைந்து வழிகிறது. எல்லன் வான் உன்வெர்த் என்ற பெண் எடுத்த படம். பின்னட்டையில் வெறுங்காலோடு நிற்கும் சிறுமி கோர்ட்னி. மகுடம் சூட்டப்படும் நொடியில் பெண்ணின் முகம் என்ன ஆகிறது என்று கேட்கும் ஆல்பத்தைக் கணவனின் பாடையோடு கட்டி அனுப்பிவிட்டார்கள். எழுதியவன் அவன் என்றால் பாட்டு அவனுடையது. அவனுக்காக அழுதவள் என்றால் பாட்டின் பொருள் அவன். இரண்டிலும் நடுவில் நிற்பவன் அவன்தான்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அவனைக் கொன்றவளே அவள்தான் என்பது. 1998இல் நிக் புரூம்ஃபீல்ட் எடுத்த ஆவணப்படம் அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னவர்களுக்கு மேடை கொடுத்தது. சியாட்டில் காவல்துறை 1994இலேயே தற்கொலை என்று முடித்த வழக்கு. 2014இல் மறுபடி கோப்பைப் புரட்டிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பாட்டு எழுதும் திறமை கிடையாது, ஆனால் ஒரு தடயமும் விடாமல் கொலை செய்யும் திறமை மட்டும் உண்டு! என்ன கணக்கு இது.

கோர்ட்னி லவ் நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒலிம்பியா நகரத்துப் பெண்ணியப் பங்க் இயக்கமான ‘ரயட் கேர்ல்’ பெண்களை அவர் இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டிலேயே கேலி செய்கிறார். 1995இல் ஓர் இசை விழாவில் கேத்லீன் ஹன்னாவைக் கையால் அடித்தார். வழக்கும் நடந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார். பேட்டிகளில் அவர் மற்ற பெண்களைப் பற்றிப் பேசியதில் எனக்குக் கூசுகிற வரிகள் நிறைய. இதையெல்லாம் காட்டி, இப்படிப்பட்டவளுக்காகவா வாதாடுகிறாய் என்று பெண்ணியம் பேசும் நண்பர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆம். எழுதியவளை எழுதியவள் என்று சொல்வதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் எதற்கு? குடித்துவிட்டு மேடையேறி அடுத்தவனை ஏசிய ஆண் கவிஞர்களின் கவிதைகளைப் பாடத்திட்டத்தில் வைத்துக் குறிப்பெழுதச் சொல்லும் துறையில்தான் நானும் வேலை பார்க்கிறேன். 2005இல், ஹார்வி வைன்ஸ்டீன் அழைத்தால் போகாதீர்கள் என்று இளம் நடிகைகளை கேமரா முன்னால் எச்சரித்ததும் இதே கோர்ட்னிதான். அவள் எப்போதும் உளறுகிறவள் என்று கடந்து போனார்கள். உலகம் வைன்ஸ்டீன் விஷயத்தைக் காதில் வாங்க இன்னும் 12 ஆண்டு ஆனது.

கர்ட்டுக்கும் கோர்ட்னிக்கும் நடுவில் இந்த வழக்கு நடந்துகொண்டே இருப்பதால் அறவே காணாமல் போனவர்கள் மற்ற இரண்டு பெண்கள். நான் எழுத வந்ததே பாதி அவர்களுக்காகத்தான்.

பாட்டி ஷெமெலின் டிரம்ஸ் இல்லாமல் இந்த ஆல்பத்தின் வெடிப்புகள் கிடையாது. அடங்கியிருக்கும் இடங்களில் அவர் கையை எப்படிப் பிடித்துவைக்கிறார், எந்த நொடியில் விடுகிறார் என்று கேளுங்கள். 1995இல் தான் தன்பாலீர்ப்புள்ள பெண் என்று ரோலிங் ஸ்டோன் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னவர்; அன்றைய ராக் உலகில் அப்படிச் சொன்ன டிரம்மர்கள் அரிது. அடுத்த ஆல்பத்துக்குப் பதிவு நடந்தபோது தயாரிப்பாளர் மைக்கேல் பெய்ன்ஹார்ன் அவருடைய வாசிப்பை ஒதுக்கிவிட்டுக் கூலிக்கு வந்த ஓர் ஆண் டிரம்மரை வாசிக்க வைத்தார். குழுவும் அதற்கு இணங்கியது, கோர்ட்னியும்தான். தன் பாட்டைப் பிடுங்குகிறார்கள் என்று ஊரோடு மல்லுக்கு நின்றவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் வாசிப்பைப் பிடுங்கும்போது தடுக்கவில்லை. பாட்டி அதன் பிறகு போதையில் விழுந்து, தெருவுக்கு வந்து, மீண்டு, 2017இல் தன் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதை யாரும் வேறொருவர் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அவரை யாரும் கவனிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்டன் பஃப் பியானோவும் செல்லோவும் முறையாகப் படித்தவர். மினியாபொலிஸ் நகரில் ‘ஜானிட்டர் ஜோ’ என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவரை ஹோல் அழைத்துக்கொண்டது. முதல் ஆல்பத்தின் இரைச்சலுக்கும் இரண்டாவதன் இசைமைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கிறார்களே, குழுவுக்குள் புதிதாக வந்தவர்கள் பாட்டியும் கிறிஸ்டனும்தான். விடை அங்கே இருந்தது, ஆல்பத்தின் உள்ளட்டையில், பெயரோடு, வாத்தியத்தோடு அச்சாகி. அதைப் படிக்காமல் கணவனைத் தேடிப் போனார்கள். கிறிஸ்டன் 1994 ஜூன் 16 அன்று சியாட்டிலில் ஹெராயினால் இறந்தார், ஆல்பம் வந்து இரண்டு மாதத்தில். வயது 27, கர்ட்டுக்கும் அதே 27. அந்த வயதில் இறந்த இசைக்கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் ஊரெல்லாம் சுற்றுகிறது, சுவரொட்டியாகவும் சட்டையில் அச்சடித்தும் விற்கிறார்கள். நான் பார்த்த சட்டைகளில் கர்ட் இருக்கிறார். கிறிஸ்டனை இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த தடவை இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் குரலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஹெட்போனில் கேட்டால் நல்லது. பஸ்ஸில், பக்கத்து இருக்கையின் சத்தத்தில், அது கேட்காது.